விண்டோஸ் 11-ல் பழைய டாஸ் கணக்கு புரோகிராம் ஓட வழி உண்டா? (ரப்பர் கடை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்)

ஷீட்டுக்கடை மருமகன்:

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் மாமாவுக்கு ரப்பர் ஷீட் எடுக்கிற கடை. தொண்ணூறுகளில் நாகர்கோவில்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராமில்தான் இன்று வரைக்கும் கணக்கு போகிறது. யார் எத்தனை கிலோ ஷீட் போட்டார், ஒட்டுப்பால் எவ்வளவு, மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாதபோது வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எல்லாம் அதற்குள்தான். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்பி போட்ட பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது, இந்த ஐப்பசி இடியில் மதர்போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் தப்பித்தது, தக்கலையில் ஒரு கடையில் யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துத் தந்தார்கள்.

புதிதாக வாங்கியது விண்டோஸ் 11. இஎக்ஸ்இ ஃபைலை கிளிக் செய்தால் 'இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது' என்று நீலப் பட்டை வந்து நிற்கிறது. காம்பேட்டிபிலிட்டி டேபில் போய் விண்டோஸ் 95, எக்ஸ்பி என்று மாற்றிப் பார்த்தும் அதே பட்டைதான். புது பில்லிங் சாப்ட்வேர் வாங்கு என்கிறார்கள், மாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டே எஃப்3 தட்டி எடையை ஏற்றுகிற ஆள், மவுஸைப் பிடிக்கச் சொன்னால் கடையைப் பூட்டிவிடுவார். பிரிண்டர் ஒரு வரிக்கு 80 எழுத்து அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ், பழைய பாரலல் கேபிள். புதுப் பெட்டியில் அந்த போர்ட்டே இல்லை. ஏதாவது வழி உண்டா?

வடசேரி வயர்மேன்:

விண்டோஸ் 10-ல் 32 பிட் பதிப்பு போடுங்க, டாஸ் புரோகிராம் நேராகவே ஓடும். எங்கள் கடையில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழையபெட்டி:

வயர்மேன் சொல்வது பொய்யில்லை. 32 பிட் விண்டோஸ் 10-ல் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலுக்குள் லெகசி பகுதியில் டாஸ் புரோகிராமை ஓட்டித் தருகிற என்டிவிடிஎம் என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய்தால் போதும். ஆனால் விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதிதாகக் காசு போட்டு வாங்கிய பெட்டியைப் பின்னால் இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதிலும் கடைக் கணக்கு இருக்கிற பெட்டியை.

காம்பேட்டிபிலிட்டி டேபை எவ்வளவு திருகினாலும் அசையாது, காரணம் கேளுங்க மக்கா. 1985-ல் வந்த இன்டெல் 386 சிப்பில் விர்ச்சுவல் 8086 என்று ஒரு முறை வைத்தார்கள். டாஸ் புரோகிராம் தனக்கென்று ஒரு பழைய சிப் முழுசாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடும், பின்னால் விண்டோஸ் அதை மேய்க்கும். 95-லும் எக்ஸ்பியிலும் டாஸ் ஓடியது இதை வைத்துத்தான். பிறகு ஏஎம்டி 64 பிட் முறையை வடிவமைத்தபோது, சிப் 64 பிட்டில் நிற்கும் வரைக்கும் இந்த முறை கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். அந்த டேப் செய்வதெல்லாம் புரோகிராமிடம் விண்டோஸ் நம்பரை மாற்றிச் சொல்வது மாதிரி சில்லறை வேலைகள்தான், சிப்பில் இல்லாததை அது எங்கிருந்து கொண்டு வரும்?

அதனால் சிப்பையே சாப்ட்வேரில் நடிக்க வைக்கிற எமுலேட்டர் வேண்டும். டாஸ்பாக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது, பிரிண்டரையும் டேட்டாபேஸையும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. உங்களுக்கு வேண்டியது அதிலிருந்து பிரிந்து வந்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ், அதுவும் இலவசம்தான். சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் புரோகிராமை வையுங்கள், அந்த ஃபோல்டரை மட்டும் மவுண்ட் செய்யுங்கள், அதாவது எமுலேட்டருக்கு ஒரு டிரைவாகக் காட்டுங்கள். முழு சி டிரைவையும் மவுண்ட் செய்ய வேண்டாம், பழைய புரோகிராம் ஏதாவது ஒன்றை அழித்துவைத்தால் விண்டோஸே போய்விடும். மவுண்ட் கட்டளையையும் புரோகிராம் பெயரையும் டாஸ்பாக்ஸ்-எக்ஸின் செட்டிங் இருக்கிற கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் ஆட்டோஎக்ஸெக் என்ற பகுதியில் எழுதிவிட்டால், டெஸ்க்டாப் ஐகானைத் தட்டியதும் நேராக மாமாவின் மெனுவில் போய் நிற்கும்.

ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்க, அந்த ஃபோல்டரில் கணக்கு டேட்டா இருக்கிற டிபிஎஃப் ஃபைல்களோடு கூட என்டிஎக்ஸ் என்று முடிகிற ஃபைல்கள் இருக்கின்றனவா, இல்லை சிடிஎக்ஸ், ஐடிஎக்ஸ் என்று முடிகிறவையா? இரண்டும் அந்தக் காலத்து டேட்டாபேஸ் மொழிகளின் இன்டெக்ஸ் ஃபைல்கள், முன்னது என்றால் கிளிப்பரில் எழுதியது, பின்னது என்றால் ஃபாக்ஸ்புரோ.

ஷீட்டுக்கடை மருமகன்:

என்டிஎக்ஸ்தான் அண்ணே, நிறைய கிடக்கிறது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போட்டுப் பார்த்தேன், மெனு வந்துவிட்டது! மாமா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், நீலத் திரை வந்ததும் எழுந்து வந்து என்னைத் தள்ளிவிட்டு அவரே அடிக்க ஆரம்பித்துவிட்டார். பில் மட்டும் வரவில்லை. பிரிண்ட் கொடுத்தால் பேசாமல் அடுத்த திரைக்குப் போய்விடுகிறது.

சூளைக்கணக்கு:

குறுக்கே வருகிறேன், ஆனால் இதையும் யாராவது தேடி வருவார்கள். தோவாளை பக்கம் எங்கள் வீட்டுச் செங்கல் சூளையில் கூலிக் கணக்குக்கு டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் ஒன்று உண்டு. 32 பிட் விண்டோஸில் திறந்தால்கூட 'ரன்டைம் எரர் 200' என்று துப்பிவிட்டு மூடிக்கொள்ளும். ஃபைல் கெட்டுப்போச்சு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் புரோகிராம் தொடங்கும்போது 55 மில்லி செகண்டில் சிப் எத்தனை சுற்று எண்ணுகிறது என்று பார்த்து அதை 55-ஆல் வகுக்கும், விடையை 16 பிட்டுக்குள் வைக்க வேண்டும், அதாவது 65535-க்கு மேல் போகக்கூடாது. பென்டியம் 2 காலத்திலேயே சிப் அந்த அளவைத் தாண்டிவிட்டது. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் சைக்கிள்ஸ் என்ற அளவைக் குறைத்து வைத்தால் சிப் மெதுவாகிவிடும், எரரும் வராது. வேகம் கூடிப்போய் நின்றுபோகிற சாமான் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

விண்டோஸ் 3.1-க்கு எழுதிய 16 பிட் புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் சுற்றுவழி, அதற்குள் 3.1-ஐயே நிறுவ வேண்டும். வைன்விடிஎம் என்று ஒன்று இருக்கிறது, 64 பிட் விண்டோஸிலேயே அந்த மாதிரி புரோகிராமை மற்ற ஜன்னல்களோடு ஜன்னலாகத் திறந்து தரும். எல்லாம் ஓடும் என்று சொல்ல மாட்டேன்.

பழையபெட்டி:

மருமகனே, புரோகிராம் ஓடுவது பெரிய காரியமே இல்லை, பிரிண்டர்தான் ஆளைக் கொல்லும். கிளிப்பர் பில்லை எல்பிடி1 என்கிற பாரலல் போர்ட்டுக்கு நேராகக் கொட்டும், விண்டோஸின் பிரிண்டர் பட்டியல் எதுவும் அதற்குத் தெரியாது. உங்கள் பெட்டியில் எல்பிடி1 இல்லை. யூஎஸ்பி-பாரலல் கேபிள் வாங்கி மாட்டினாலும் எல்பிடி1 வராது, விண்டோஸ் அதற்கு யூஎஸ்பி001 என்று பெயர் வைக்கும். கேபிள் விற்கிற கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கான்ஃபிக் ஃபைலில் பாரலல்1 என்ற வரியில் 'பிரிண்டர்' என்று கொடுத்தால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் தானே ஒரு எப்சன் டாட் மேட்ரிக்ஸ் மாதிரி நடித்து, புரோகிராம் அனுப்புகிற தடித்த எழுத்து, சுருக்கிய எழுத்துக் குறியீடுகளைப் புரிந்துகொண்டு பக்கமாக வரைந்து, வீட்டில் இருக்கிற லேசர் பிரிண்டரில்கூட அடித்துத் தரும். டைம்அவுட் என்ற அளவையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பில் முடிந்தது என்று அதற்குத் தெரியாமல் பக்கம் உள்ளேயே கிடக்கும்.

இன்னொன்று, பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கோட்டாறு டேட்டா:

எல்லாரும் ஓட வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். டேட்டாவை வெளியே எடுத்து வைத்தீர்களா தம்பி? டிபிஎஃப் ஒன்றும் பூட்டு போட்ட பெட்டி இல்லை, லிப்ரே ஆபீஸ் கால்கில் நேராகத் திறக்கும், எழுத்துக்குறி எது என்று மட்டும் கேட்கும். எக்செலும் திறக்கும், ஆனால் 2007 பதிப்பிலிருந்தே அதே வடிவத்தில் சேமிக்க விடாது. காப்பியைத்தான் திறக்க வேண்டும், அசலை வேண்டாம். கால்கில் ஒரு வரியை வெட்டிச் சேமித்துவிட்டு கிளிப்பரில் திறந்தால் என்டிஎக்ஸ் இன்டெக்ஸ் பழைய வரிசையையே காட்டும், ஆள் ஒருவர் கணக்கு இன்னொருவர் பெயரில் நிற்கும். பேச்சிப்பாறைக்காரர் முன்பணம் அருமனைக்காரர் தலையில் விழுந்தால் கடை வாசலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எமுலேட்டர் நல்லதுதான், மாமா இருக்கிற வரை ஓடட்டும். ஆனால் ஜிஎஸ்டி வந்தது 2017-ல், அந்தப் புரோகிராமுக்கு அது தெரியவே தெரியாது, எப்படியும் ஆடிட்டருக்கு நீங்கள் தனியாகத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். மாதம் ஒரு தடவை டிபிஎஃப்பை கால்கில் திறந்து வேறு பெயரில் சேமித்துக்கொண்டால் அந்த வேலையும் பாதி குறையும்.

கடையில் இரண்டு பெட்டியில் ஒரே நேரத்தில் அடிக்கிற பழக்கம் இருந்தால் கான்ஃபிக் ஃபைலில் 'ஃபைல் ஆக்சஸ் ட்ரைஸ்' என்ற அளவை 3 என்று வையுங்கள். டேட்டாபேஸ் புரோகிராமை நெட்வொர்க்கில் ஓட்டுகிறவர்களுக்காகவே அதை வைத்திருக்கிறார்கள். பில் இங்கிலீஷில் இருக்கிற மட்டும் தப்பித்தீர்கள். இந்திய மொழி எழுத்துக்காகப் பெட்டிக்குள் ஜிஸ்ட் கார்டு சொருகித் தமிழில் அடித்த அந்தக் காலத்து டாஸ் புரோகிராம் என்றால் இந்த வழி எதுவும் எடுபடாது, எமுலேட்டருக்கு அந்தக் கார்டைத் தெரியாது.

ஷீட்டுக்கடை மருமகன்:

ஒரே பெட்டிதான் அண்ணாச்சி. பழையபெட்டி அண்ணன் சொன்னபடி பிரிண்டர் வந்துவிட்டது, முதலில் வீட்டு லேசரில் பார்த்தேன், கோடு எல்லாம் சரியாக விழுகிறது. ஆனால் மாமாவுக்குக் கார்பன் பில் வேண்டும், ஒன்று வெட்டுகாரருக்கு, ஒன்று கடைக்கு. கேபிள் வாங்கி டாட் மேட்ரிக்ஸையே மாட்டினேன். எங்கள் பில் ஆறு இன்ச் நீளம், அதுவோ ஏ4 அளவுக்குத் தாளைத் தள்ளிவிடுகிறது, ஒவ்வொரு பில்லுக்கும் பின்னால் வெறும் தாள் போகிறது. எழுத்தும் படம் மாதிரி மெதுவாக, கிர்கிர் என்று வருகிறது.

பழையபெட்டி:

படமாகத்தான் போகிறது, அதனால்தான் கிர்கிர். அசல் பிரிண்டரே இருக்கும்போது நடிக்கிற பிரிண்டர் எதற்கு? பாரலல்1-ல் 'பிரிண்டர்' என்பதை எடுத்துவிட்டு 'ஃபைல்' என்று கொடுங்கள், புரோகிராம் அனுப்புவது ஒரு எழுத்து மாறாமல் ஃபைலில் விழும். விண்டோஸில் அந்த யூஎஸ்பி001-க்கு 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவர் போட்டு, பிரிண்டரை ஷேர் செய்து 'பில்' என்று சின்னப் பெயர் வையுங்கள். அப்புறம் ஒரு பேட்ச் ஃபைலில் ஒரே வரி, காப்பி கட்டளையை பைனரி முறையில் கொடுத்து அந்த ஃபைலை \\லோக்கல்ஹோஸ்ட்\பில் என்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். பாரலல்1 வரியிலேயே 'ஓப்பன்வித்' என்று இந்த பேட்ச் ஃபைலைக் கோர்த்துவிட்டால் மாமா பிரிண்ட் கொடுத்ததும் அது தானாக ஓடும். ஆறு இன்ச் என்கிற குறியீட்டைப் புரோகிராமே அனுப்புகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பிரிண்டர் செட்டிங்கில் தாள் நீளத்தை ஆறு இன்ச்சுக்கு மாற்ற வேண்டும். 'ஆட்எஃப்எஃப்' என்ற சொல் அந்த வரியில் இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலும் தாளைத் தள்ளச் சொல்வது அதுதான்.

ஷீட்டுக்கடை மருமகன்:

தாள் நின்றுவிட்டது, ஆட்எஃப்எஃப் இருக்கத்தான் செய்தது, ஏதோ வீடியோவைப் பார்த்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். எழுத்தும் பழைய மாதிரி சர்ரென்று வருகிறது. இரண்டாவது காப்பியில் கார்பன் மங்கலாக விழுகிறது, ரிப்பனா ஹெட்டா?

வடசேரி வயர்மேன்:

மேல் தாளில் கறுப்பாக விழுந்தால் ரிப்பனில் குறையில்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் தாள் தடிமனுக்கு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை ஒரு படி குறைத்துப் பாருங்க.