ஹீலியத்தின் இடத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?
வணக்கம். யாங்கூனில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லித் தருகிறேன். ஒரு உதவி வேண்டும்.

கடைசிக் கூட்டின் எலக்ட்ரான்களை எண்ணி, தனிம வரிசை அட்டவணையில் ஒரு தனிமத்தின் இடத்தைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு நன்றாக வருகிறது. சோடியம் 2, 8, 1. அதனால் முதல் தொகுதி (நெடுவரிசை). மூன்று கூடுகள், அதனால் மூன்றாம் தொடர் (கிடைவரிசை).

சிக்கல் ஹீலியத்தில். எலக்ட்ரான் இரண்டுதான், ஆனால் இருப்பதோ 18ஆம் தொகுதியில், நியானுக்கு மேலே. முதல் கூட்டில் இரண்டுக்கு மேல் இடமில்லை, அது நிரம்பிவிட்டது, அதனால் மந்த வாயு என்றேன். ஒரு மாணவி விடவில்லை: "அப்போ இடத்தைத் தீர்மானிப்பது எண்ணிக்கையா, குணமா, சயா?" (சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர்.) எவ்வளவு நல்ல கேள்வி! அவளை அரைகுறைப் பதிலோடு அனுப்ப மனமில்லை.

அடுத்து இரும்பு வரும். 2, 8, 14, 2 என்றாலும் 8ஆம் தொகுதி; 3டி (மூன்றாம் கூட்டின் ஓர் உட்பிரிவு) எலக்ட்ரான் ஆறையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆர்பிட்டல் (கூட்டுக்குள் எலக்ட்ரான் இருக்கும் பகுதி) படிக்காத பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்? பாடம் நடத்தியவர்கள் எழுதுங்கள். பலகையில் வரையக்கூடிய படம் இருந்தால் அதையும் போடுங்கள்.