வீட்டுத் தோட்டத்துக்கு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் தேவையா?

புதுமனை_மேடவாக்கம்:
மேடவாக்கத்தில் ஒன்றரை கிரவுண்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், தையில் கிரகப்பிரவேசம். வீடு போக மண்ணாகக் கிடக்கிற இடம் சுமார் 1,600 சதுர அடி. ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டிடம் பேசினோம். வரைபடத்துக்கும் நாலு முறை நேரில் வருவதற்கும் 60,000 ரூபாய் கேட்கிறார். செடியும் கூலியும் தனி. நர்சரிக்காரர் ஒருத்தர், செடியைத் தன்னிடமே எடுத்தால் பிளானைச் சும்மா போட்டுத் தருகிறேன் என்கிறார். அம்மாவுக்குப் பூச்செடி வேண்டும், அப்பாவுக்கு முன்பக்கம் 600 சதுர அடியில் புல்தரை. என்ன செய்யலாம்?

தாம்பரம்_தோட்டம்:
கொடுக்காதீங்க தம்பி. 22 வருஷமா தோட்டம் வச்சிருக்கேன். முதல் வருஷம் நட்டதில் பாதி இன்னிக்கு இல்லை. வடக்குச் சுவரோரம் நிழல்தானேன்னு ஆந்தூரியம் வச்சேன். வைகாசியில் இலையெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துப்போச்சு. அப்புறம்தான் வெயில் எங்கே விழுதுன்னு மாசாமாசம் பார்க்க ஆரம்பிச்சேன். குடியிருந்து பார்க்காம தோட்டம் அமையாது. ஒரு வருஷம் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் மட்டும் வச்சிட்டுக் காத்திருங்க. மண்ணே சொல்லும்.

மட்டம்_பார்ப்பவன்:
அக்கா, நீங்கள் சொன்ன உதாரணமே எனக்குச் சாதகமாக இருக்கிறது. சென்னையில் சித்திரை நடுவில் உச்சிக்கு வருகிற சூரியன், ஆடி முடியும் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். படித்தவர் இதை வரைபடம் போடும்போதே கணக்கில் எடுப்பார். ஆந்தூரியம் பிழைத்திருக்கும்.

ஆனால் அவர் கேட்கிற 60,000 ரூபாய், செடிக்கான காசே இல்லை. நான் சிவில் எஞ்சினியர். தம்பி, உங்கள் மண் ரோட்டைவிட எத்தனை அங்குலம் மேலே இருக்கிறது? பள்ளிக்கரணை பக்கம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். 1,700 சதுர அடி மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 15,800 லிட்டர். மூலையில் தோண்டிவிட்ட மழைநீர்க் குழி களிமண்ணில் அதை உறிஞ்சி முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். புல்தரைக்காக அரை அடி செம்மண் கொட்டினார்கள். சரிவு வீட்டுப் பக்கம் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. நாலே மாதத்தில் ஹால் சுவரில் பெயின்ட் கொப்புளித்தது. விரலால் அழுத்தினால் பூச்சு மாவாக உதிர்ந்தது. மண்ணை அள்ளி, வடிகால் போட்டு, பூச்சைக் கொத்திப் பூச 1,40,000 ஆனது. எஞ்சினியர் வீட்டில் இது நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

தாம்பரம்_தோட்டம்:
கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அது கொத்தனார் வேலைதானே? டியூப்பில் தண்ணி விட்டு மட்டம் பார்க்க ஒரு மேஸ்திரிக்கு அரை நாள் போதும். அதுக்கு எதுக்கு 60,000?

மட்டம்_பார்ப்பவன்:
எங்கே பள்ளம் என்று மேஸ்திரி சொல்வார். தண்ணீர் எங்கே போக வேண்டும், அந்த வழியில் எந்த மரம் நிற்கலாம், எந்த வேர் சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைப் பிளக்கும், எவ்வளவு இடத்தைக் கல் பாவாமல் விடுவது என்பதை எல்லாம் சேர்த்து யோசிப்பது வேறு வேலை. அடையாறில் தொல்காப்பியப் பூங்காவைப் போய்ப் பாருங்கள், 58 ஏக்கர். குப்பையும் இடிபாடும் கிடந்த இடம். மண்ணையும் தண்ணீரையும் சரிசெய்த பிறகுதான் அங்கே மரம் நின்றது.

செடிக்கடை_ஈசிஆர்:
18 வருஷமா நர்சரி வச்சிருக்கேன். நாங்க சும்மா போடுற பிளான் ஏமாத்து இல்லைங்க. இந்த உப்புக்காத்துக்கும் வெயிலுக்கும் எது தாங்கும்னு எங்களுக்குத் தெரியும். வரைபடத்தோட வர்ற லிஸ்டில் பெங்களூர் குளிருக்கு வளர்றது இருக்கும், வாங்கி நட்டா சித்திரை தாண்டாது. அப்புறம் பழி எங்க மேலதான்.

ஒண்ணை ஒத்துக்கிறேன். எங்க வருமானம் செடியில்தான், அதனால நெருக்கி நடுவோம். அன்னிக்கே நிறைஞ்ச மாதிரி தெரியணும்னு வீட்டுக்காரங்களும் கேக்குறாங்க. மூணு வருஷத்தில் ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும்.

யாரை வச்சாலும் சரி, முதல்ல கட்டட இடிபாட்டை வெளியேத்துங்க. சிமெண்ட் கலந்த மண்ணில் இட்லிப்பூ வச்சா இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். தண்ணி பத்தலைன்னு ஊத்திக்கிட்டே இருப்பாங்க. மண்ணில் சுண்ணாம்பு ஏறினதால செடிக்கு இரும்புச்சத்து கிடைக்கலை, அதான் விஷயம்.

சட்டம்_தெரிந்தவர்:
ஒரு எச்சரிக்கை. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்துக்குத்தான் பாதுகாப்பு தருகிறது. வரைந்து கொடுக்கும் வேலையை மற்றவர் செய்ய அது தடையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சிலில் அவருக்கு உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். லேண்ட்ஸ்கேப்பில் தனியாக மேற்படிப்பு உண்டு, அதை முடித்தவரா என்றும் கேளுங்கள். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அவர் போட்ட தோட்டம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். புதுசாகப் போட்டதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தாம்பரம்_தோட்டம்:
இதை ஏத்துக்கிறேன். புல்தரையைப் பத்தியும் அவர் நேர்மையா சொல்றாரான்னு பாருங்க தம்பி. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி விட்டாலே 600 சதுர அடிக்கு 280 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஆறு வாரம்தான் வரும். அப்பாகிட்ட இந்தக் கணக்கைச் சொல்லாம புல்லு போடுறவர் யாராயிருந்தாலும் அவரை நம்பாதீங்க.

புதுமனை_மேடவாக்கம்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வைத்து மட்டம் பார்த்தோம். வடகிழக்கு மூலை ரோட்டைவிட 5 அங்குலம் பள்ளம், சம்ப் மூடியும் அதே மூலையில்தான்! மட்டம், வடிகால், மரம் நிற்கும் இடம் இவை மட்டும் வரைந்து தர முடியுமா என்று ஆர்க்கிடெக்டிடம் கேட்டேன். 25,000-க்குச் சம்மதித்தார். இடிபாட்டை இந்த வாரமே அள்ளுகிறோம். செடியை ஈசிஆர் அண்ணனிடம் எடுத்துக்கொள்கிறேன். வடக்குச் சுவரோரத்தை அடுத்த ஆடி வரை காலியாக விடுகிறோம் அக்கா. அப்பா 200 சதுர அடிப் புல்லுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

மட்டம்_பார்ப்பவன்:
செம்மண் கொட்டும் அன்று நீங்கள் வீட்டில் இருங்கள். வரைபடத்தில் இருக்கிற சரிவு அன்றைக்குத்தான் கெடும்.

தாம்பரம்_தோட்டம்:
அம்மாவுக்குப் பவழமல்லி வைக்கிறீங்கன்னா அவர் அதை எங்கே குறிக்கிறார்னு பாருங்க. உதிர்ந்ததை எடுத்து சாமிக்கு வைக்கிற பூ அது, விடியறதுக்குள்ள கொட்டிடும். மரத்தடியில் பேவர் கல் போட்டா மிதிபட்டே போகும். சுத்தி நாலடிக்கு மண்ணா விட்டு, அருகம்புல்லு வளர விடச் சொல்லுங்க.