பெடல் மிதிக்காமலே என்னைய முந்துன தாத்தா

மேட்டுலயம்:
ரெண்டு வருசமாச்சு, இன்னும் மனசுல நிக்கிது. நுவரெலியாவுலருந்து லபுக்கலை பக்கமா எறங்குறேன், லேசா தூறல், கியர் சைக்கிள் வேற, மூச்சு முட்ட மிதிக்கிறேன், பின்னால டர்ருனு சத்தம், பாத்தா ஒரு தாத்தா, பழைய லுமாலா சைக்கிள், கேரியர்ல லீக்ஸ் மூட்டை, கால் அசையவே இல்ல. தாடை ஹேண்டில்ல படுற மாதிரி குனிஞ்சி, முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி, சாரத்த தொடைக்கு கீழ செருகி வச்சிருந்தாரு, ஒரு நூல் பறக்கல. என் ரெயின்கோட்டோ முதுகுல பலூன் மாதிரி ஊதி படபடன்னு அடிக்கிது. தாண்டும்போது ஒரு பார்வ பாத்துட்டு "தம்பி, குடைய மடக்கு"ன்னாரு. அடுத்த முடக்குல ஆளக் காணோம். குனிஞ்சதுல தான் அவ்வளவு வேகமா?

அப்புத்தளையான்:
குனிஞ்சதெல்லாம் இல்லண்ணே, மூட்டை தான் விசயம். எறக்கத்துல பாரம் கூடக்கூட கீழ இழுக்குற விசை கூடும், காத்துல படுற பரப்பு அந்தளவுக்கு கூடாது. என் தம்பி 48 கிலோ, நான் 80. ஒரே மாதிரி சைக்கிள்ல பெரகலைக்கு எறங்குவோம், மிதிக்கிறதில்ல, ஒவ்வொரு தடவையும் அவன் பின்னுக்கு தான். ஏத்தத்துல பழி வாங்கிருவான், அது வேற கத.

மேட்டுலயம்:
தாத்தா ஒல்லிக்குச்சிப்பா, மூட்டையோட சேத்தாலும் என் பாரம் தான் வரும். மறுவாரம் கோட்ட சுருட்டி பைல வச்சிட்டு அதே எறக்கத்துல போனேன், ஆள் மாறுன மாதிரி இருந்துச்சி.

கொழுந்துமல:
நானுஓயா றோட்டுல பஸ்ஸுக்கு பின்னால ஒட்டிப் போனேன், காத்தே இல்ல, யாரோ தள்ளிவிடுற மாதிரி. பஸ் ஹோல்ட்ல சடார்னு நின்னுச்சி, கையில 4 தையல். அத விடுங்க, எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். வேகம் ரெட்டிப்பானா காத்தோட தடை 4 மடங்கு, அதுக்கு கால் குடுக்குற பவர் 8 மடங்கு. சமதரையில 30 கிலோமீட்டர் வேகத்துலயே உழைப்புல பெரும்பங்கு காத்துக்கு தான் போகுது, அதுலயும் சைக்கிள விட நம்ம உடம்பு தான் பெரிய தடை, அதனால காசக் கொட்டி வீல் மாத்தாதீங்க, மொதல்ல ஜேக்கட் ஜிப்ப இழுத்து போடுங்க. ஃபிரான்சிஸ் ஃபோர் 1933ல படுத்து ஓட்டுற சைக்கிள்ல ஒரு மணி நேரத்துல அதிக தூரம் ஓட்டுற சாதனைய உடைச்சாரு, அடுத்த வருசமே சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ அந்த மாதிரி சைக்கிள ஒதுக்கிருச்சி. முட்டை மாதிரி மூடுன சைக்கிள்ல டாட் ரைக்கர்ட் 2016ல நெவாடாவுல 144 கிலோமீட்டர் வேகம் போனாரு. அதுக்காக நடு பார்ல குந்தி எறங்காதீங்க, ரேஸ்லயே 2021லருந்து தடை.

அப்புத்தளையான்:
எல்லாம் சமதரை கணக்கு. நம்ம பக்கம் சமதரை எங்க இருக்கு, ஸ்கூல் கிரவுண்டுலயா? அண்ணன் கேட்டது தாத்தாவ பத்தி.

கீழ்ப்பிரிவு:
அந்த லீக்ஸ் தாத்தாவ நானும் பாத்திருக்கேன்னு நெனைக்கிறேன். முன் பிரேக்ல கட்டையே இல்ல. முடக்கு வந்தா நிமிந்து உக்காந்து நெஞ்ச விரிச்சி முழங்கைய அகட்டுவாரு, சாரமும் அவுந்து பறக்கும், அதுல தான் பாதி வேகம் கொறையும். மீதிக்கு செருப்பு.