ஃபைபர் அறுந்தும் ரவுட்டர் ‘அப்’ என்கிறதே?

கேள்வி: கிளை அலுவலகத்தில் இரண்டு லிங்க். மெயின் ஃபைபர் வெளியே சாலையில் அறுந்தாலும் ரவுட்டரில் போர்ட் ‘அப்’ என்றே காட்டுகிறது. பிஜிபி (எந்த வழியாகப் போவது என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை) அடுத்த லிங்குக்கு மாற மூன்று நிமிடம். பில்லிங் நின்றுவிடுகிறது. ஏன் இப்படி?

பதில்: நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிள் சிக்னலாக மாற்றும் பெட்டி) இருக்கிறதா? உங்கள் போர்ட்டுக்கு அதிலிருந்து சிக்னல் வந்துகொண்டே இருக்கும். அதற்கு அப்பால் அறுந்தது ரவுட்டருக்குத் தெரியாது. அப்புறம் பிஜிபி ஹோல்டு டைமர் (எதிர்முனையிலிருந்து செய்தி வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற அளவு) முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சிஸ்கோ ரவுட்டரில் அது மாற்றாவிட்டால் 180 விநாடி.

கேட்டவர்: ஆமாம், கன்வெர்ட்டர் இருக்கிறது. டைமரைக் குறைத்தால் போதுமா?

இன்னொருவர்: குறைக்கலாம். ஆனால் பிஎஃப்டி (லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று இரு முனைகளும் அடிக்கடி பாக்கெட் அனுப்பிச் சோதிக்கும் முறை) போடுங்கள், அதுதான் சரி. 300 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், தொடர்ந்து மூன்று வராவிட்டால் ஒரு விநாடிக்குள் பிஜிபிக்குத் தகவல் போய்விடும். எதிர்முனையிலும் இயக்கச் சொல்லுங்கள். வேகம் வேண்டுமென்று 50 மில்லிவிநாடிக்கு இறங்காதீர்கள். நெரிசல் நேரத்தில் நல்ல லிங்கையும் செத்ததாக நினைத்துவிடும்.