லைசென்ஸ் திகதி முடிந்துவிட்டது, புதியது இன்னும் வரவில்லை. கார் ஓடலாமா?

கேள்வி (ஹரோ, லண்டன்)

வணக்கம். எனக்கு 51 வயது. எட்டு வருசமாக இன்சுலின் போடுகிறேன். அதனால் மூன்று வருச லைசென்ஸ்தான் தந்திருந்தார்கள். அது போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது.

முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே, லைசென்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயின் நினைவூட்டல் கடிதம் வந்தது. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்குக் கடுமை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு விமானம் ஏறினேன். அப்பா போய்விட்டார். அந்தியேட்டி முடித்துத் திரும்பி வந்தபோது மூன்று கிழமைதான் மிச்சம். மறுநாளே நீரிழிவுப் படிவத்தை நிரப்பிப் பதிவுத் தபாலில் சுவான்சீயில் உள்ள அவர்களின் அலுவலகத்துக்கு அனுப்பினேன். லைசென்ஸ் முடிவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்ததற்குக் கையில் அத்தாட்சி இருக்கிறது.

எனக்குப் பெற்றோல் நிலையத்தில் காலை ஐந்து மணி வேலை. அந்த நேரத்தில் இரண்டு பஸ் மாற வேண்டும். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் இருவரையும் தமிழ்ப் பள்ளிக்கு நான்தான் ஏற்றி இறக்குவது. ஒரு கிழமையாகக் காரைத் தொடவில்லை. வேலையிடத்தில் ஒருவர் "பிரிவு 88 இருக்கிறது, பயப்படாமல் ஓடு" என்கிறார். இன்னொருவர் "பிடித்தால் இன்சூரன்ஸும் இல்லை" என்கிறார். எது சரி? அடுத்த மாதம் பாரிஸில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம், அதற்கும் காரில்தான் போக நினைத்திருந்தோம்.

உடம்பு இப்போது நல்லாக இருக்கிறது. அந்தியேட்டி அன்று மட்டும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கீரிமலையில் நின்றதில் சீனி இறங்கிவிட்டது. மைத்துனர் பிடித்து இருத்தி, சீனித் தண்ணீர் பருக்கினார். வேறு பிரச்சினை இல்லை.

பதில் (ஈஸ்ட் ஹாம்)

அண்ணை, அப்பாவின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

நானும் இதே நிலையில் நின்றவன், எனக்கு வலிப்பு சம்பந்தமான லைசென்ஸ். உங்கள் வேலையிடத்துக்காரர் சொல்வது உண்மைதான். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது பழைய லைசென்ஸ் முடிந்திருந்தாலும் ஓட விடுகிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. சரியாகவும் முழுமையாகவும் நிரப்பிய விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும், அது போய் 12 மாதம் தாண்டியிருக்கக் கூடாது. முந்தைய லைசென்ஸ் மருத்துவக் காரணத்தால் ரத்தாகியோ மறுக்கப்பட்டோ இருக்கக் கூடாது. நீதிமன்றத் தடை எதுவும் இருக்கக் கூடாது. பழைய லைசென்ஸில் இருந்த வாகன வகையை மட்டும், பழைய நிபந்தனைகளோடு ஓடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடுவதற்கு நீங்கள் தகுதியானவர் என்பது வைத்தியரோடு கதைத்து உங்களுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும்.

நான் முதலில் தடுமாறியது இந்தக் கடைசி விசயத்தில்தான். "இவர் ஓடலாம்" என்று யாராவது கடிதம் தருவார்கள் என்று காத்திருந்தேன். அப்படி ஒன்று வராது. முடிவு எங்கள் பொறுப்பு. நான் ஜிபியிடம் (குடும்ப வைத்தியர்) போய் நேரே கேட்டு, அவர் சொன்னதைக் குறிப்பில் பதியச் சொல்லி, ஒரு பிரதியும் வாங்கி வைத்துக்கொண்டேன். இன்சூரன்ஸ்காரருக்கும் அழைத்துச் சொன்னேன்.

பாரிஸுக்குக் காரில் போக வேண்டாம். பிரிவு 88 பிரித்தானியச் சட்டம். பிரான்ஸில் கலே துறைமுகத்தில் இறங்கியதும் உங்கள் கையில் இருப்பது திகதி முடிந்த ஒரு அட்டை, அவ்வளவுதான். ரயிலில் போங்கள்.

பதில் (லெஸ்டர்)

தம்பி, நான் 22 வருசமாக இன்சுலினோடு கார் ஓடுகிறவள். நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் எழுதிய கீரிமலை விசயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள்.

இன்சுலின் போடுகிறவர் விழித்திருக்கும்போது சீனி இறங்கி, தன்னால் சமாளிக்க முடியாமல் இன்னொருவரின் உதவி தேவைப்பட்டால், அதைக் கடுமையான ஹைப்போ என்று கணக்கெடுப்பார்கள். காருக்குள் நடந்ததா, கடற்கரையில் நடந்ததா என்பது கணக்கில்லை. கார் ஓடுகிறவர்களுக்கான விதி, கடந்த 12 மாதத்தில் அப்படி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த ஒன்றும் மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததாக இருக்க வேண்டும் என்பது. உங்களுக்கு நடந்து ஐந்து கிழமை இருக்குமா?

அதனால் கேட்கிறேன். அன்று நீங்களாகவே ஏதாவது எடுத்துக் குடித்திருப்பீர்களா, அல்லது மைத்துனர் இல்லையென்றால் முடிந்திருக்காதா? அவர் பதறி ஓடி வந்து உதவியது வேறு, உங்களுக்கு அந்த உதவி தேவைப்பட்டது வேறு. படிவத்தில் கடுமையான ஹைப்போ பற்றிய கேள்விக்கு என்ன பதில் போட்டீர்கள்? "இல்லை" என்று போட்டிருந்தால், உண்மையில் உங்களுக்கு அந்த உதவி தேவைப்பட்டிருந்தால், விண்ணப்பம் சரியானதாக இல்லை. அப்போது பிரிவு 88 உங்களுக்கு இல்லை, எத்தனை பதிவுத் தபால் அத்தாட்சி இருந்தாலும்.

கோபிக்காதீர்கள். பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர் (ஹரோ)

அக்கா, கோபமே இல்லை. உங்கள் பதிலை வாசித்துவிட்டு மைத்துனருக்கு அழைத்தேன். எனக்கு நினைவிருப்பது கால் சோர்ந்தது மட்டும். அவர் சொல்கிறார், பேர் சொல்லிக் கூப்பிட்டும் நான் பதில் சொல்லவில்லையாம், குவளையைப் பிடிக்கக் கை வரவில்லையாம், வாயைத் திறந்து ஊற்றினாராம். இவ்வளவு நாளும் துக்கமும் பட்டினியும் என்றுதான் நினைத்திருந்தேன். படிவத்தில் "இல்லை" என்றே போட்டிருக்கிறேன். கார் ஓடும்போது நடந்ததைத்தான் கேட்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன்.

இன்று காலை ஜிபியில் நீரிழிவுத் தாதியோடு கதைத்தேன். ஓட வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். இன்சுலின் அளவையும் பார்க்க வேண்டுமாம், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். டிவிஎல்ஏக்கு இனி எப்படி எழுதுவது?

பதில் (லெஸ்டர்)

நடந்த திகதி, இடம், யார் உதவினார் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, முதல் படிவத்தில் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சேருங்கள். பிரதி எடுத்து வையுங்கள். அதற்கு முன் டிவிஎல்ஏயின் மருத்துவப் பிரிவுக்கு அழைத்து, லைசென்ஸை நீங்களாகவே ஒப்படைக்கலாமா என்று கேளுங்கள். இதைப் பலர் அறியாமல் விடுகிறார்கள். தானாக ஒப்படைத்தவர் பிறகு தகுதி வந்து விண்ணப்பிக்கும்போது பிரிவு 88இன் கீழ் ஓட இடம் உண்டு. அவர்களாக மறுத்தாலோ ரத்துச் செய்தாலோ, புதிய லைசென்ஸ் கிடைக்கும்வரை ஓட முடியாது.

மூன்று மாதம் கழிந்து வைத்தியரும் சரி என்ற பிறகு பழைய பழக்கம்தான்: முதல் பயணத்துக்கு முன் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு முறை, ஓடும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும். 5 (mmol/L) அல்லது அதற்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். 4க்குக் கீழே என்றால், சீனி 5க்கு மேல் ஏறி 45 நிமிடம் கழியும்வரை ஓடவே கூடாது.

கேள்வி கேட்டவர் (ஹரோ)

அழைத்துக் கதைத்தேன், கடிதமும் இன்று போய்விட்டது. முகாமையாளரிடம் விசயத்தைச் சொன்னேன், பத்து மணி வேலைக்கு மாற்றித் தந்தார். சனிக்கிழமைகளில் பக்கத்துத் தெருக் குடும்பம் பிள்ளைகளை ஏற்றிப் போகும். கலியாணத்துக்கு ரயில் பதிவு செய்தாயிற்று. உங்கள் இருவருக்கும் நன்றி.