மறுமொழி: ஜியோசினானிமுக்குத் தமிழ்ச்சொல் – அதிரசம், கச்சாயம், புக்கை வழியாக ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பண்டிகைப் பலகாரப் பெயர்களைத் தொகுக்கிற நம் அட்டவணையில் ஒரு பத்திக்குத் தலைப்பு கிடைக்காமல் வேலை நிற்கிறது. ஒரே பொருளுக்கு வெவ்வேறு வட்டாரங்களில் வழங்கும் வெவ்வேறு சொற்களை மொழியியலில் ஜியோசினானிம் என்கிறார்கள். ஐரோப்பியக் கிளைமொழி ஆய்வாளர்கள் பலர் இதையே ஹெட்டரோனிம் என்று எழுதுவார்கள். ஆனால் ஆங்கில அகராதிகளில் ஹெட்டரோனிம் என்பது எழுத்து ஒன்றாக இருந்து உச்சரிப்பும் பொருளும் மாறும் சொற்களைக் குறிக்கும். அதை ஒலிபெயர்த்து எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் வரும். குழுவில் இதுவரை திசைச்சொல், ஒருபொருட்பன்மொழி, புவியொப்புச்சொல் என்ற மூன்றும் முன்வந்திருக்கின்றன. எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் தரவைப் பார்த்துவிடலாம். சொல் எதைத் தாங்க வேண்டும், எதைத் தாங்கக் கூடாது என்பது அங்கேதான் தெரியும்.

கொங்குப் பகுதியில் தீபாவளிக்குச் சுடுவது கச்சாயம். பச்சரிசியை ஊறவைத்து இடித்து, ஈரமாவை வெல்லப்பாகில் கிளறி, மாவை ஓரிரு நாள் விட்டுவைத்து, தட்டி எண்ணெயில் போட்டு எடுக்கிற அதே பண்டம் தஞ்சாவூரிலும் மதுரையிலும் அதிரசம். எல்லை தாண்டினால் கன்னடத்தில் கஜ்ஜாய, தெலுங்கில் அரிசெ. கோவை ஐயா அனுப்பிய பட்டியலில் அதிரசம் இல்லை, அது விடுபட்டுவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். விடுபடவில்லை, கச்சாயம் என்ற பெயரில் அங்கேயே இருக்கிறது. இந்த உறவைக் காட்டும் பத்தி இல்லாததால்தான் அது கண்ணில் படவில்லை. போளியும் ஒப்பிட்டும் இதே கதை.

யாழ்ப்பாணத்து அண்ணா தந்த சான்று இன்னும் நல்லது. அங்கே தைப்பொங்கல் அன்று பானையில் பொங்குகிற சோற்றைப் புக்கை என்பார்கள். பண்டிகையின் பெயர் பொங்கல், பண்டத்தின் பெயர் புக்கை. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே பொங்கல், புக்கை இரண்டும் பண்டம் என்ற பொருளில் மட்டும் ஒன்று, பண்டிகை என்ற பொருளில் அல்ல. நம் கலைச்சொல் ஒரு சொல்லின் எல்லாப் பொருளையும் ஒட்டுமொத்தமாகச் சமன்படுத்துவதுபோல் ஒலிக்கக் கூடாது என்பதை இந்த ஒரு சான்றே காட்டிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது முந்திரிக்கொத்து. நாஞ்சில் நாட்டில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்கிறார்கள். வறுத்த சிறுபயற்று மாவு, வெல்லப்பாகு, தேங்காய், ஏலம் சேர்த்து உருண்டை பிடித்து, மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வரும். இதில் முந்திரிப்பருப்புக்கு இடமே இல்லை. மலையாளத்தில் போல இங்கே முந்திரி என்றால் திராட்சை. பண்டம் திராட்சைக் கொத்துப்போல் இருப்பதால் அந்தப் பெயர். இப்போது யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரத்தைப் பாருங்கள்: வறுத்த பயற்றம் மா, சர்க்கரை, தேங்காய்ப்பூ, உருண்டை, மாக்கரைசல், எண்ணெய். கொத்தாக ஒட்டவைப்பது ஒன்றுதான் வேறுபாடு. நாகர்கோவில்காரர் திராட்சையின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார், யாழ்ப்பாணத்தார் உள்ளே இருக்கும் பயற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார். இரண்டு பெயருக்கும் ஒலியில் எந்த ஒட்டும் இல்லை. ஜியோசினானிமுக்கு இதைவிடத் தெளிவான தமிழ்ச் சான்று எனக்குத் தெரியாது.

(அண்ணாவின் குறிப்பில் சர்க்கரை என்றிருப்பது வெல்லம். வெள்ளைச் சர்க்கரை அவர்களுக்குச் சீனி. தமிழ்நாட்டில் சர்க்கரைப் பொங்கல் போன்ற பெயர்களில் அந்தப் பழைய பொருள் தங்கியிருக்கிறது. அட்டவணையில் செய்முறைப் பத்தியை நிரப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

அடுத்து, எதைச் சேர்க்கக் கூடாது என்பது. சுகியன், சுகியம், சுசியம், சுய்யம், சுழியம் என்று ஐந்து வடிவம் வந்திருக்கிறது, செட்டிநாட்டுச் சீயம் ஆறாவது. திருமலைக் கோயிலின் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, வடைப்படி என்ற படையல் பெயர்களோடு சுகியன்படியும் வருகிறது. இவை ஒரே சொல் வாயில் புரண்டு புரண்டு மாறியவை. இவற்றை ஒலித்திரிபு என்று தனியே போட வேண்டும். கச்சாயத்தையும் அதிரசத்தையும் இணைக்கிற அதே பத்தியில் சுசியத்தையும் சுய்யத்தையும் போட்டால் அந்தப் பத்திக்கு மதிப்பே போய்விடும். சீயத்தில் மட்டும் எனக்குச் சற்றுத் தயக்கம். செட்டிநாட்டில் இனிப்புச் சீயமும் உண்டு, பூரணமே இல்லாத மசாலாச் சீயமும் உண்டு. இனிப்புச் சீயத்தை மட்டும் இந்தத் திரிபுகளோடு வைத்து, மசாலாச் சீயத்தைத் தனிப் பதிவாக்கலாம்.

தலைகீழான நிலையும் இருக்கிறது. தேன்குழல் என்றால் தஞ்சாவூரிலும் செட்டிநாட்டிலும் அரிசிமாவும் உளுந்துமாவும் பிசைந்து அச்சில் பிழிகிற வெள்ளை முறுக்கு. பெயரில் தேன் இருந்தாலும் அது காரவகை. இலங்கையில் தேன்குழல் என்று கேட்டால் உளுந்துமாவில் சுற்றிப் பொரித்து, குழலுக்குள் பாகு ஏறிய இனிப்பைத் தருவார்கள், சிங்களத்தில் பெணி வளலு என்கிறார்களே, அது. பெயர் ஒன்று, பண்டம் இரண்டு. கொழுக்கட்டையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் உருண்டையாய்க் கூம்பு வைத்தது மோதகம், பிறைபோல் மடித்து ஓரத்தைப் பல்லுப்பல்லாய் அழுத்தியது கொழுக்கட்டை. குழந்தைக்குப் பல் முளைத்தால் தலையில் கொட்டுவதும் அந்தக் கொழுக்கட்டைதான். தமிழ்நாட்டில் பல வீடுகளில் இரண்டுமே கொழுக்கட்டை. குமரி மாவட்டத்தில் கார்த்திகைக்குத் திரளி இலையில் பொதிந்து அவிப்பதும் கொழுக்கட்டை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கோ குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையே கொழுக்கட்டைச் சனி. மோதகம் மதுரைக்காஞ்சியிலேயே வருகிற சொல். இத்தனை பழைய சொல் ஒரு பக்கம் முழு உயிரோடும் இன்னொரு பக்கம் பிள்ளையார் பாட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டும் இருப்பதைத் தனியே ஆராய வேண்டும். இப்போதைக்கு அதை விடுகிறேன்.

சரி, முன்மொழிவுகளுக்கு வருவோம்.

திசைச்சொல்லை முன்மொழிந்தவரின் நியாயம் வலுவானது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்திலும் அவரவர் குறிப்பில் வழங்கும் சொல் என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் அதற்குச் சான்று காட்டும் முறை நம் அட்டவணையேதான்: குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர், அருவாநாட்டார் செய்யை, அதாவது வயலை, செறு என்பர். இடம், பொருள், பெயர் என்று மூன்று பத்தி. கொங்குநாட்டார் அதிரசத்தைக் கச்சாயம் என்பர் என்று அதே தொடரில் நாமும் சேர்க்கலாம், அவ்வளவு பொருத்தம். ஆனால் நன்னூல் தமிழல்லாத பதினேழு நிலச் சொல்லையும் திசைச்சொல்லுக்குள் கொண்டுவந்துவிட்டது. பள்ளிப்பாடத்தில் இன்று திசைச்சொல் என்றால் பிறமொழியிலிருந்து வந்த சொல். சாவி, சன்னல், பண்டிகை. நம் தலைப்பில் இருக்கும் பண்டிகையே திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாக நிற்கும்போது, கச்சாயத்தைத் திசைச்சொல் என்றால் படிப்பவர் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்றுதான் கேட்பார். இன்னொரு தடையும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. திசைச்சொல் ஒரு தனிச் சொல்லின் பிறப்பைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள உறவின் பெயர். கச்சாயம் தன்னளவில் ஜியோசினானிம் ஆகாது. அதிரசத்துக்கு எதிரே வைத்தால்தான் ஆகும்.

ஒருபொருட்பன்மொழியை எடுத்துக்கொள்ளவே முடியாது. அது மீமிசை ஞாயிறு, உயர்ந்தோங்கு மலை போல ஒரே பொருளுள்ள சொற்கள் அடுத்தடுத்து வருவதற்கு நன்னூலிலேயே நிலைத்துவிட்ட பெயர். புவியொப்புச்சொல் சொல்லுக்குச் சொல் மாற்றியது. புவி என்றதும் நிலவியல் பாடம் நினைவுக்கு வருகிறது, ஊர் நினைவுக்கு வரவில்லை.

என் முன்மொழிவு: வட்டார நிகர்ச்சொல்.

நிகர் என்பதே உறவைக் கேட்கிற சொல். எதற்கு நிகர் என்ற கேள்வி உடனே எழும், ஆகவே தனியே நிற்காது. கச்சாயம் அதிரசத்தின் வட்டார நிகர்ச்சொல். புக்கை, பண்டம் என்ற பொருளில், பொங்கலின் வட்டார நிகர்ச்சொல். வாக்கியத்தில் இடறாமல் உட்காருகிறது. நிகர்ப்பெயர் என்று போடலாமே என்று அக்கா கேட்டிருந்தீர்கள். பெயரோடு நிறுத்தினால் வினைச்சொற்கள் வெளியே போய்விடும். பலகாரத்தைச் சில ஊரில் சுடுவார்கள், சில ஊரில் பண்ணுவார்கள். அந்த வினைகளும் அட்டவணைக்குள் வர வேண்டியவை.

நாட்டு நிகர்ச்சொல் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். கொங்குநாடு, நாஞ்சில்நாடு, செட்டிநாடு என்று பழைய வழக்கு இருக்கிறதே. ஆனால் இன்று நாடு என்றால் இந்தியா, இலங்கை என்றே மனம் போகும். யாழ்ப்பாணத்துப் புக்கை வேறு நாட்டுச் சொல் என்று யாரும் படித்துவிடக் கூடாது. வட்டாரம் போதும். கி. ராஜநாராயணன் கரிசலுக்கும் பெருமாள்முருகன் கொங்குக்கும் தொகுத்த அகராதிகள் வழியாக வட்டாரம் என்ற சொல் இந்தத் துறையில் நன்றாகவே ஊன்றியிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் ஈக்விவலன்ட் என்பதற்கு நிகர்ச்சொல்லை எழுதுகிறார்களே, மோதாதா என்று ஒரு கேள்வி வரலாம். மோதாது. அங்கே மொழிக்கு மொழி நிகர், இங்கே வட்டாரத்துக்கு வட்டாரம் நிகர். வட்டார என்ற முன்னொட்டை மட்டும் கலைச்சொல் பட்டியலில் ஒருபோதும் விடக் கூடாது. இந்த முன்னொட்டுதான் இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. பலகாரம், பட்சணம் இரண்டும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் கேட்கும். அது இடவேறுபாடு இல்லை, சமூக வேறுபாடு. அதைச் சமூக நிகர்ச்சொல் என்று எழுதிவிடலாம். வட்டாரம் என்ற ஒரே பையில் சாதி வழக்கையும் போட்டுக் கட்டுவது நம் தொகுப்புகளில் நெடுநாளாக நடக்கிறது. இந்தப் பட்டியலிலாவது பிரித்துக் காட்ட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தேன்குழல் வகைக்கு வட்டாரப் பல்பொருட்சொல் என்று வைக்கலாம். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதிக்கு ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்றுதான் பெயர். இருக்கிற மரபுப் பெயரையே கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறோம்.

நிகர் என்று எப்போது ஒப்புவது என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். முதன்மைப் பொருளும் செய்முறையின் முக்கியப் படியும் ஒன்றாக இருந்தால் நிகர், வடிவம் மாறினால் குறிப்பு மட்டும் போதும் என்பது என் கருத்து. இதன்படி முந்திரிக்கொத்தும் பயற்றம் பணியாரமும் நிகர். சர்க்கரைப் பொங்கலும் அக்காரவடிசிலும் நிகர் அல்ல, பாலிலேயே குழைய வேகவைப்பது அக்காரவடிசிலை வேறு பண்டமாக்கிவிடுகிறது. ஒலியை மட்டும் நம்பியும் இணைக்கக் கூடாது. கன்னடத்துக் கஜ்ஜாய நம் அதிரசம், தெலுங்குக் கஜ்ஜிகாய நம் சோமாசி. பட்டியலில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன, பிரித்துவிடுங்கள்.

ஒரு சொல் எந்த இடம்வரை வழங்குகிறது என்று வரைபடத்தில் காட்டும் கோட்டை ஐசோகிளாஸ் என்பார்கள். அதற்குச் சொல்லெல்லைக் கோடு என்று ஒருவர் தந்திருக்கிறார். 1892இல் பீலன்ஷ்டைன் என்ற மொழியறிஞர் லாத்விய வட்டார மொழிகளுக்காக ஐசோகிளாஸ் என்ற சொல்லை ஆக்கினார், சமவெப்பக்கோட்டின் மாதிரியில். எனக்குச் சொல்லெல்லைக் கோடு சம்மதம். அதைத் தனி இழையில் பேசலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி யாழ்ப்பாண வழக்கு, நாஞ்சில் வழக்கு, உள்ளூர் வழக்கு என்று சுருக்கக் குறி போட்டுச் சொல்லின் இடத்தைக் காட்டியது. நாம் அதற்கு அடுத்த படியாக இணையையும் சேர்ப்போம். ஒவ்வொரு பதிவிலும் சொல், வட்டாரம், பண்டிகை, வட்டார நிகர்ச்சொல், ஒலித்திரிபு, செய்முறைக் குறிப்பு என்று ஆறு பத்தி இருக்கட்டும்.

வட்டார நிகர்ச்சொல்லுக்கு மறுப்பு இருப்பவர்கள் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். அச்சு முறுக்கு, அச்சப்பம், கொக்கிஸ், ரோஸ் குக்கி நான்கையும் இந்தத் தலைப்பின்கீழ் நான் முதலில் நிரப்பித் தருகிறேன். மட்டக்களப்பு, மலையகம், கீழக்கரைப் பெயர்கள் நம்மிடம் மிகவும் குறைவு. அந்தப் பகுதிக்காரர்கள் உங்கள் வீட்டுச் சொல்லை வீட்டில் சொல்கிறபடியே அனுப்புங்கள், திருத்தி எழுத வேண்டாம்.

அன்புடன்