“அப்படியானால் எதைத்தான் நம்புகிறாய்?” – கேட்கப்பட்டவர்களின் அனுபவங்கள்

கடவுள், மறுபிறவி, விதி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. என்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது தெரியும். யாரும் பெரிதாகக் கேட்டதில்லை, நானும் விளக்கிச் சொன்னதில்லை. கேட்டவள் என் நெருங்கிய தோழி. அப்போது அவள் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏறி முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் திடீரென்று, “எனக்குப் பயம் வந்தால் பிரார்த்தனை செய்கிறேன். உனக்குப் பயம் வந்தால் என்ன செய்வாய்? நீ எதைத்தான் நம்புகிறாய்?” என்றாள். வாதம் செய்யும் குரலே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். யோசித்து எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுத உட்கார்ந்தால் வந்ததெல்லாம் ‘இல்லை’ என்று முடிகிற வாக்கியங்கள். மேலே யாரும் இல்லை, முன்பே எழுதிவைத்தது எதுவும் இல்லை, செத்தபின் ஒன்றும் இல்லை. இவை எனக்கு உண்மைதான், இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அவற்றில் பதில் கிடையாது. கையில் ஊசியோடு படுத்திருப்பவளிடம் போய் அவற்றைப் படிக்கவும் முடியாது.

1951இல் எட்வர்ட் ஆர். மரோ அமெரிக்க வானொலியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பெயர் பெற்றவர்களும் சாதாரண மனிதர்களும் தாங்கள் எதை நம்பி வாழ்கிறோம் என்று சில நிமிடங்களில் சொல்ல வேண்டும். எழுதுபவர்களுக்கு அனுப்பிய குறிப்பில் ஒரு வேண்டுகோள் இருந்தது: நம்பாததைச் சொல்ல வேண்டாம், நம்புவதை மட்டும் சொல்லுங்கள். அதை எனக்கும் விதியாக வைத்துக்கொண்டேன். எவ்வளவு கடுமையான விதி என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நான் எழுதியிருந்த பக்கம் கிட்டத்தட்ட முழுவதும் அடிபட்டுப் போனது.

அதன்பின் முதலில் நின்ற வாக்கியம்: ‘நோய்க்குக் காரணம் உடம்பில்தான் இருக்கிறது.’ பார்க்கச் சாதாரணமான வாக்கியம். ஆனால் அவளைப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், எந்தப் பிறவியில் என்ன செய்தாளோ என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. முழுவதும் நகலாகிறது. அதில் பிழைகள் விழும். பெரும்பாலானவற்றை உடம்பே திருத்திவிடும், சில தப்பிவிடும். அப்படித் தப்பியவை ஒரே செல்லில் சேர்ந்து, அது கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கினால் அதுதான் புற்றுநோய். புகையிலை, கதிர்வீச்சு, சில வைரஸ்கள், வயது எல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டும். இவை எதுவும் இல்லாமலும் வரும். இதில் யாருடைய பாவக்கணக்குக்கும் இடமில்லை. இதை நான் வெறும் அறிவியல் தகவலாக எழுதவில்லை. துன்பப்படுகிறவர் மேல் பழியையும் சேர்த்து ஏற்றக் கூடாது என்பது என் நம்பிக்கை. என்னிடம் இருக்கும் நம்பிக்கைகளில் மிக உறுதியானது அதுதான்.

அடுத்தது: ‘ஒருவரின் துன்பம் என் கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு அங்கே ஒரு வேலை வந்துவிடுகிறது.’ அதற்கடுத்தது: ‘எனக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு காலம்தான், அதனால் அது எனக்குப் பெரியது.’ கடைசியில், அவள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ‘பயம் வந்தால் யாரிடமாவது சொல்வேன்.’

படித்துக் காட்டினேன். உடம்பைப் பற்றிய வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். “என் கடவுளும் யாரையும் இப்படித் தண்டிக்கிறவர் கிடையாது. இதை நானும் வைத்துக்கொள்கிறேன்” என்றாள். ‘ஒரு காலம்தான்’ என்பதை ஏற்கவில்லை, அதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். பயத்தைப் பற்றிய வரிக்குச் சிரித்தாள். “நானும் அதைத்தானே செய்கிறேன். யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் வேறு.”

சிகிச்சை முடிந்து இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறாள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் எழுதியதும், இதை யாரிடம், எந்த நேரத்தில் சொல்ல முடியும் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாத வாக்கியம் என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுகிறேன். உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். என்ன சொன்னீர்கள், எந்தச் சொற்களில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

*

ஒரு தாய் எழுதுகிறார்:

என்னிடம் கேட்டது என் மகள். அப்போது ஐந்து வயது. என் அம்மா இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. “பாட்டி எங்கம்மா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் தூங்குகிறார் என்றார், இன்னொருவர் தூரமாகப் போயிருக்கிறார் என்றார். இரண்டையும் நான் உடனே தடுத்தேன். அந்த வயதுக் குழந்தைகள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தூங்குகிறார் என்றால் இரவில் கண்ணை மூடவே பயப்படுவார்கள். போயிருக்கிறார் என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். இறந்தவர் திரும்பி வருவதில்லை, உடம்பு முழுவதுமாக நின்றுவிடுகிறது, எல்லா உயிருக்கும் இது வரும் என்பதெல்லாம் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபடும் என்பார்கள்.

நான் சொன்னது இதுதான்: “பாட்டியோட உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இப்ப பாட்டிக்கு வலி இல்ல. ஆனா திரும்பி வர மாட்டாங்க.” இதை முன்பே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், அதனால் குரல் உடையாமல் சொல்ல முடிந்தது. அவள் அடுத்துக் கேட்டதற்கு எந்தத் தயாரிப்பும் இல்லை. “அப்ப பாட்டிக்கு என்னை ஞாபகம் இருக்குமா?”

அந்த நேரத்தில் ‘இருக்கும்’ என்று சொல்லிவிடத்தான் மனம் துடித்தது. சொல்லவில்லை. “இல்ல கண்ணு. உனக்குப் பாட்டியை ஞாபகம் இருக்கும்” என்றேன். அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, பாட்டி எப்படி மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார் என்று நடித்துக் காட்டினாள்.

என் அப்பா தீவிர பக்தர். பாட்டி கடவுளிடம் போய்விட்டாள் என்று அன்று மாலை அவர் பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். நேராக என்னிடம் வந்தாள்: “தாத்தா சொல்றது நிஜமா, நீ சொல்றது நிஜமா?” அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “தாத்தா அப்படி நம்பறாங்க, நான் இப்படி நம்பறேன். நீ பெரியவளானதும் நீயே யோசிச்சு முடிவு பண்ணலாம். எங்க ரெண்டு பேருக்குமே பாட்டியை ரொம்பப் பிடிக்கும்கறது மட்டும் நிஜம்” என்றேன்.

என்னிடம் ஒரு கொள்கை இருக்கிறது என்றால் அது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. குழந்தையின் மனம் அவளுடையது. என் அவநம்பிக்கையைக்கூட அதில் முன்கூட்டியே நிரப்பிவைக்க எனக்கு உரிமை இல்லை. அப்பா எதுவும் பேசவில்லை. படுக்கப் போகும் முன் மட்டும், “என்னைப் பொய் சொல்றவனா ஆக்கிடலையேம்மா” என்றார்.

*

சாட்சி சொல்லப் போன ஒருவர்:

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறியதும் ஊழியர் கடவுளின் பெயரால் என்று தொடங்கினார். உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நீதிபதி தலையசைத்தார், ஊழியர் வேறு வாசகத்தைப் படித்தார், நான் திருப்பிச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் சார்லஸ் பிராட்லா என்றொரு மனிதரின் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். நாத்திகர் என்பதால், கடவுளின் பெயரால் எடுக்கும் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, ஆணையே எடுக்கிறேன் என்றார், அதையும் மறுத்தார்கள். ஒரு முறை நாடாளுமன்றக் கட்டடத்திலேயே காவலில் வைத்தார்கள். தொகுதி மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் இருக்கையில் உட்கார முடிந்தது. அவர் முயற்சியால் 1888இல் வந்த சட்டம், விரும்புகிறவர்கள் உறுதிமொழி எடுக்கலாம் என்பதை உரிமையாக்கியது. இப்படிப்பட்டவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். நான் நினைக்கிறேன்.

வெளியே வந்தபோது எதிர்த்தரப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். “தம்பி, கடவுளுக்குப் பயப்படாதவர் உண்மைதான் சொல்வார் என்று நாங்கள் எப்படி நம்புவது?” நியாயமான கேள்வி. அவர் தரப்புப் பையன்தான் குற்றம் சாட்டப்பட்டவன். “ஐயா, நான் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் அந்தப் பையன் செய்யாததற்கும் சேர்த்துச் சிறைக்குப் போவான். நான் அதற்குப் பயப்படுகிறேன்” என்றேன். அவர் சமாதானம் ஆனாரா என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கே என் நம்பிக்கை முழுதாகக் காதில் விழுந்தது அப்போதுதான். நான் செய்வதன் விளைவு இன்னொரு மனிதரின் உடம்பிலும் வாழ்நாளிலும் போய் விழுகிறது. உண்மை பேச எனக்கு அதுவே போதும்.

*

சமீபத்தில் திருமணம் ஆனவர்:

என் துணைவர் மத நம்பிக்கை உள்ளவர், நான் அப்படி இல்லை. திருமணத்துக்கு முன் அவர்தான் சொன்னார்: நீ நம்புவதை நீ எழுது, நான் நம்புவதை நான் எழுதுகிறேன், இரண்டிலும் இருப்பதை மட்டும் ஒரு தாளில் சேர்ப்போம். சேர்ந்தது நாங்கள் நினைத்ததைவிட நீளமாக வந்தது. பொய் சொல்லி அமைதி வாங்குவதில்லை, உதவி கேட்டு வந்தவரின் பின்னணியை விசாரிப்பதில்லை, கோபத்தோடு முடிவு எடுப்பதில்லை. இப்படியே போகிறது.

எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. எழுதிவிட்டால் அதுவே வேதமாகிவிடாதா? மதத்தைச் சாராமல் அறத்தோடு வாழலாம் என்று சொல்லும் மனிதநேயவாதிகளின் உலக அமைப்பு 1952இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியபோதே ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதையே 2002இல் புதிதாக எழுதினார்கள், 2022இல் கிளாஸ்கோவில் மறுபடி எழுதினார்கள். இது தெரிந்தபின் தயக்கம் போய்விட்டது. எங்கள் தாளிலும் தேதி போட்டிருக்கிறோம். பழைய தாளைக் கிழிப்பதில்லை, புதியதை மேலே வைக்கிறோம்.

*

எழுபதைத் தாண்டிய ஒருவர்:

இன்றைய துருக்கியில் இருக்கும் ஒயினோண்டா என்ற ஊரில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் டயோஜெனஸ் என்றொருவர் வாழ்ந்தார். தனக்கு வயதாகிவிட்டது, தனக்கு ஆறுதல் தந்த தத்துவம் வழிப்போக்கர்களுக்கும் அயல்நாட்டாருக்கும் இனி பிறக்கப்போகிறவர்களுக்கும்கூடப் பயன்படட்டும் என்று அதை ஒரு பெரிய கல்சுவரில் செதுக்கிவைத்தார். சுவர் சுமார் 80 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். 1884 முதல் அதன் துண்டுகள் கிடைத்துவருகின்றன. அவர் பின்பற்றியது பண்டைய கிரேக்கச் சிந்தனையாளர் எபிகூரஸின் தத்துவம். அந்த மரபினர் முழுத் தத்துவத்தையும் நான்கே வரியில் சுருக்கி வைத்திருந்தார்கள்: கடவுளருக்கு அஞ்ச வேண்டியதில்லை, இறப்பு கவலைக்குரியதில்லை, நல்லது எளிதில் கிடைக்கும், துன்பம் தாங்கக்கூடியது. முதல் மூன்றோடு என்னால் ஒத்துப்போக முடிகிறது. நான்காவதோடு முடியவில்லை. எல்லாத் துன்பமும் தாங்கக்கூடியது என்று, நீண்ட வலியில் கிடந்தவரைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். என் தாளில் அந்த இடத்தில் ‘தாங்க முடியாத வலியில் இருப்பவரைத் தனியே விடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறேன்.

ஆம், நானும் பிள்ளைகளுக்காக எழுதிவைத்திருக்கிறேன். கண்களையும், எடுக்கக்கூடிய உறுப்புகளையும் கொடுத்துவிட வேண்டும், உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும், எனக்காக எந்தச் சடங்கும் வேண்டாம். இதைப் படித்த மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான், “அப்பா, எங்களுக்காக நாங்கள் பிரார்த்தனை செய்துகொள்ளலாமா?” அவனுக்கு நம்பிக்கை உண்டு. அவன் கேட்ட பிறகுதான் என் தாளில் இருந்த ஒரு குறை தெரிந்தது. ‘சடங்கு வேண்டாம்’ என்ற வரிக்குப் பக்கத்தில், ‘உங்கள் துக்கம் உங்களுடையது. அதை உங்கள் வழியில் ஆற்றிக்கொள்ளுங்கள்’ என்று அவன் முன்னாலேயே எழுதினேன்.

எழுத முடியாமல் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. என் தம்பி எனக்கு ஒரு பெரிய துரோகம் செய்தான். விவரம் வேண்டாம். மதங்களில் மன்னிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது: கடவுள் உன்னை மன்னித்தார், நீ அவனை மன்னி என்பார்கள். எனக்கு அந்தக் காரணம் இல்லை. மன்னித்தால் உன் மனம் லேசாகும் என்று சிலர் சொல்கிறார்கள். என் நிம்மதிக்காக நடந்ததைச் சிறிதாக்க எனக்கு மனமில்லை. இப்போதைக்கு எழுதியிருப்பது: ‘அவன் செய்தது தவறு. அவன் பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் எப்போதும் நம் வீட்டுக்கு வரலாம்.’ அவனையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறாள் என் மனைவி. மதநம்பிக்கை இல்லாமல் ஒருவரை மன்னித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், அந்த மனிதரிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு அது தேவைப்படுகிறது.